உமர் பாய் நாக்கில் நின்ற கசப்பு

நோன்பைப் பேரீச்சம்பழத்தில் திறப்பவர்கள் உண்டு. ஒரு மடக்குத் தண்ணீரில் திறப்பவர்கள் உண்டு. மூட்டுவலிச் சூரணத்தில் நோன்பு திறந்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, எங்கள் செஞ்சி உமர் பாரூக் பாய்தான். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தொடர்ந்து பதினோரு நாள். பக்கத்துக் கடைக்காரி நான், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் மணிமொழி. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாய் வைத்திருப்பது நாட்டு மருந்துக் கடை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். சுவர் இருந்து என்ன பயன்? சுக்கும் வசம்பும் பெருங்காயமுமாக அவர் கடை வாசனை முழுக்க என் கடைக் காகிதத்தில் ஏறிக் கிடக்கும். ஒரு முறை பட்டா நகல் எடுத்துப் போன ஒருவர் திரும்பி வந்து, "இன்னாம்மா, பேப்பர்ல கசாய வாசன அடிக்குது, ஆபீசர் மூஞ்ச சுளிக்கிறாரு" என்றார். எனக்குக் கோபம் சட்டென்று வரும், மறைக்கவும் தெரியாது. அந்த ஆளிடம் நான் பேசியதை எழுத முடியாது.

பாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. அத்தா வைத்த கடையை இருபது வயதில் வாங்கிக்கொண்டவர். கடையில் நானூறு டப்பாவாவது இருக்கும், ஒன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்காது. ஏன் பாய் என்று கேட்டேன். "ஒட்டுனா பசைய எலி துன்னுது மணி" என்றார். அவருக்கு லேபிள் தேவையும் இல்லை. சரக்கு வந்தால் சுண்டுவிரல் நுனியில் துளி எடுத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். நுனியில் கொஞ்ச நேரம், வலது கடைவாயில் கொஞ்ச நேரம், இடது கடைவாயில் கொஞ்ச நேரம். பிறகு ஒரு கொட்டாங்குச்சியில் துப்பிவிட்டு வெந்நீரில் வாயைக் கொப்பளிப்பார். "இது போன வருசத்துச் சரக்கு, புதுசோட கலந்திருக்கான்" என்பார். சரக்குக் கொண்டுவந்தவன் தலையைச் சொறிவான்.

கொரோனா வந்து போன பிறகு அவர் கடையில் கூட்டம் இரண்டு மடங்கு. முன்பெல்லாம் வயதானவர்கள் வருவார்கள். இப்போது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் போனைத் தூக்கிக் காட்டி, "பாய், அஸ்வகந்தா இருக்குதா?" என்கிறார்கள். அவர் அமுக்கராவை அள்ளி நிறுப்பார். "இது இல்ல பாய், அஸ்வகந்தா" என்று அவர்கள் அடம் பிடிப்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். பாய் அலுத்துப்போய் அதே டப்பாவை உள்ளே எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து, "இந்தா, அஸ்வகந்தா" என்று கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். வாங்கியவனுக்கு அப்படி ஒரு திருப்தி!

நல்ல மனுஷன்தான். ஆனால் அவரிடம் ஒரு கோளாறு உண்டு. தெரியாத ஒன்று எதிரே வந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அது என்ன என்று தெரிந்தே ஆகவேண்டும். அந்தக் கோளாறு எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் அம்மா சுந்தராம்பாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. சிறுகடம்பூரில் வீடு. பின்னால் கிணற்றோரம் நாலு பாத்தி கீரை. விடிகாலையில் கீரையைப் பறித்துக் கட்டுக் கட்டி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கத் தெருத்தெருவாய் விற்பாள். நைனா போன பிறகு அப்படி நடந்துதான் என்னைப் படிக்க வைத்தாள். இப்போது அவள் சம்பாதித்துத்தான் ஆகவேண்டும் என்றில்லை. "வீட்ல குந்தேன்மா" என்று நான் கத்தாத நாள் கிடையாது. "நடக்காம குந்துனா நான் செத்தேன்டி. என்ன எல்லாரும் பேரு சொல்லிக் கூப்புடுறது தெருவுலதான்" என்பாள். அது உண்மை. கீரைக்காரம்மா என்று யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. எந்தத் தெருவிலும் சுந்தராம்பாதான்.

அப்படி நடந்த கால் முட்டிதான் நாலு வருஷத்துக்கு முன்பு மக்கர் செய்ய ஆரம்பித்தது. பாதி ஊர் சுற்றுவதற்குள் என் கடைப் படியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். மாத்திரைக்குப் போகமாட்டாள். "அம்பத்தெட்டு வயசு ஆவுது, இங்கிலீஷ் மாத்திர ஒண்ணு என் தொண்டைல எறங்குனதில்ல" என்பது அவளுடைய பெருமை. பாய் கடைச் சூரணத்தை இரண்டு வருஷம் தேனில் குழைத்துச் சாப்பிட்டாள். வலி கொஞ்சம் குறையும், கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

பிறகு ஒரு அமாவாசைக்கு மேல்மலையனூர் போனவள், ஒரு வெள்ளை டப்பாவோடு வந்தாள். பஸ்கள் நிற்கிற மைதானத்து ஓரம் ஒரு வேனில் மைக் வைத்து விற்றார்களாம். டப்பாவின் மேல் தாடி வைத்த ஒரு ரிஷி படம், கீழே 'நூறு சதவீதம் மூலிகை, பக்க விளைவு இல்லை' என்று ஒரு வரி. செய்தவன் யார், எந்த ஊர், எதுவும் இல்லை. நாலே நாளில் அம்மா படியில் உட்காராமல் நடந்தாள். ஒரு வாரத்தில் கூடையோடு ஊரை ஒரு சுற்றுச் சுற்றினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு டப்பா. எட்டு மாதம் இப்படியே போனது. முகம் பூரித்துக் கன்னம் உருண்டு, இருபது வருஷத்துக்கு முன்பு பார்த்த அம்மா திரும்பி வந்ததுபோல இருந்தது. கையில் அங்கங்கே கன்றிய மாதிரித் தழும்பு இருந்தது, கூடை இடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மக்கு நான். மகிழ்ச்சியாக இருந்தேன்.

ரம்ஜான் பிறந்து இரண்டாம் நாள், பாய் கடை வாசலில் அம்மாவை மறித்தார்.

"அக்கா, நில்லு. இன்னா இது, ஓடுற?"

"ஓடல பாய். நடக்குறேன்."

"போன வருசம் மணி கட படில குந்திக்கினு எழுந்திருக்க ஆளத் தேடுன."

"அது போன வருசம்."

"எஞ் சூரணத்த ரெண்டு வருசம் சாப்ட. அதுல ஒரு தெரு கூட நடந்தியா?"

"நீயே சொல்லிட்ட. நான் இன்னா சொல்றது?" என்று அம்மா சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

பாய் முகத்தைப் பார்க்கவேண்டுமே! முப்பது வருஷமாக முட்டிக்கு மருந்து கொடுக்கிற மனுஷன். அவருக்கு வந்தது பொறாமை என்றுதான் நான் நினைத்தேன். கொஞ்சம் பொறாமையும் இருந்திருக்கும். மறுநாள் அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்தச் சூரணத்தில் இரண்டு ஸ்பூன் வாங்கிவிட்டார். அம்மா அதை என் கடையில் வீணாய்ப்போன ஒரு தாளில் மடித்துக் கொடுத்தாள்.

இப்போதுதான் சிக்கல். நோன்பு நேரத்தில் பகலில் எச்சில்கூட விழுங்காமல் இருக்கிறவர் எதையும் நாக்கில் வைக்கமாட்டார். அதனால்தான் ரம்ஜானுக்கு முன்பே எல்லாச் சரக்கையும் வாங்கி வைத்துவிடுவார், அந்த மாதத்தில் புதுச் சரக்கு எடுக்கவே மாட்டார். சரி, நோன்பு திறந்த பிறகு பார்க்கலாம் என்றால், நோன்புக் கஞ்சி உள்ளே போனதும் பட்டை, இஞ்சி, பூண்டு எல்லாம் நாக்கில் ஏறிக்கொள்ளும். அந்த நாக்கை நம்பமுடியாதாம். ஆகவே நாளுக்கு ஒரே ஒரு முறைதான் அவருக்கு நாக்கு சுத்தம். பள்ளிவாசலில் பாங்கு சொன்ன அந்த நிமிஷம். அன்றைக்குச் சாயங்காலம் பாங்கு கேட்டதும் ஒரு வாய் வெறும் தண்ணீர்கூட இல்லாமல், சுண்டுவிரலில் சூரணத்தைத் தொட்டு வைத்துக்கொண்டார்.

மாடியிலிருந்து கஞ்சியோடு இறங்கி வந்த அவர் மனைவி ஹுசைன் பீ தலையில் அடித்துக்கொண்டார். "பேரீச்சம்பழம் இருக்குது, தண்ணி இருக்குது. இந்த மனுசனுக்கு நோம்பு தொறக்க மருந்து கேக்குது!"

பாய்க்கு எதுவும் காதில் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஒரு திருப்தியும் ஒரு திகைப்பும் சேர்ந்து இருந்தன. "சுக்கு, அமுக்கரா, சித்தரத்த, முடக்கத்தான், கொஞ்சம் மொளகு. அஞ்சும் எங்கிட்ட இருக்குது மணி. ஆறாவதா ஒண்ணு இருக்குது. அது யாருன்னு தெரியல."

"எது பாய்?"

"ஒரு கசப்பு."

மறுநாள் நிலவேம்பைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு பாங்குக்குக் காத்திருந்தார். முதலில் சூரணம், கொப்பளிப்பு, பிறகு நிலவேம்பு. "இல்ல. நெலவேம்பு தொண்டைக்குப் போயி கசக்கும். இது நுனியிலயே குந்திக்கினு போவ மாட்டேங்குது." அடுத்த நாள் வேப்பம்பட்டை. அதுவும் இல்லை. அதற்கடுத்து கடுகுரோகணி, சீந்தில், பேய்ப்புடல், வெட்பாலை. பேய்ப்புடல் அன்றைக்கு அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஹுசைன் பீயும் நானும் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சொன்னால் வெட்கமாக இருக்கிறது, என்னையும் அந்தக் கிறுக்கு பிடித்துக்கொண்டது. ஆறு மணி ஆனால் வேலை ஓடாது. "இன்னிக்கு யாரு பாய்?" என்று சுவரோரம் போய் நின்றுவிடுவேன். எங்கள் மெஷினில் மூடியைத் திறந்து வைத்து ஒரு காப்பி போட்டால் தாள் முழுக்கக் கன்னங்கரேலென்று வரும். அப்படி ஒரு தாள் எடுத்துக் கொடுத்து அதன் மேல் சூரணத்தைப் பரப்பச் சொன்னேன். லென்ஸ் வைத்துப் பார்த்தோம். தவிட்டு நிறத்துக்கு நடுவே வெள்ளை வெள்ளையாய்த் துகள், கோலமாவு சிந்தியதுபோல. பாய் அதை ஊசி முனையில் தொட்டுத் தொட்டு மோந்தார்.

"மண்ணு வாசன இல்ல, எல வாசன இல்ல, வேரு வாசன இல்ல. வாசனையே இல்லாத கசப்பு எங்கனா உண்டா மணி? செடின்னு ஒண்ணு மொளச்சா அதுக்கு ஒரு வாசன இருக்கணுமே?" என்றார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கூட ராத்திரி சாப்பிடும்போது அதைத்தான் யோசித்தேன்.

பதினோரு நாள் போயிற்று. கடையில் இருந்த கசப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் பாய் சோர்ந்துபோய் பேரீச்சம்பழத்தில் நோன்பைத் திறந்தார். ஹுசைன் பீ அந்த வாரம் நோன்பு வைக்கவில்லை. மூச்சிரைப்பு அதிகமாகி டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அன்றைக்குத்தான் கடைசி நாள். கடையில் நின்றபடியே ஹுசைன் பீ ஒன்றைப் போட்டுக்கொண்டு தண்ணீரைத் தேடினார். தண்ணீர் வருவதற்குள் மாத்திரை நாக்கில் கரைந்துவிட்டது.

"த்தூ! இன்னா கசப்புடா சாமி. டீ குடிச்சாலும் நுனி நாக்க விட்டுப் போவாது இது" என்றார்.

பாய் பேரீச்சங்கொட்டையை வாயில் வைத்திருந்தவர் அப்படியே நிமிர்ந்தார். கொட்டையைத் துப்பினார். வெந்நீரில் மூன்று முறை வாயைக் கொப்பளித்தார். அட்டையில் மிச்சம் இருந்த ஒரே ஒரு மாத்திரையை எடுத்து நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடினார். நான் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தவள் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். யார் என்று தெரிந்துவிட்டது என்று கூத்தாடுவார் என்று நினைத்தேன். அவரோ, "மணி, நீ கெளம்பு" என்றார். அவ்வளவுதான். இதுவும் இல்லை போலிருக்கிறது என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பல நாள் கழித்துத்தான் தெரியும். மறுநாள் காலையிலேயே பாய் சிறுகடம்பூருக்குப் போயிருக்கிறார். அம்மா கிணற்றோரம் கீரை கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, அந்த டப்பாவ குடுத்துடு. அதுல இங்கிலீஷ் மாத்திரைய இடிச்சிப் போட்டு விக்கிறான்."

"போ பாய். ஒஞ் சரக்கு ஓடலன்னு சொல்ற."

"அல்லா மேல ஆணையா சொல்றேன்க்கா. ஹுசைன் பீ போடுற மாத்திரையும் இதுவும் ஒரே கசப்பு. என் நாக்கு பொய் சொல்லாது."

அம்மா கொஞ்ச நேரம் கட்டிய கீரையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாளாம். இங்கிலீஷ் மாத்திரை தொண்டையில் இறங்கியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவள் அல்லவா? எட்டு மாதமாகத் தினம் இரண்டு வேளை அதைத்தான் தின்றிருக்கிறோம் என்றால் எப்படி இருக்கும்? "மணிகிட்ட சொல்லாத பாய். அவ வாய் சும்மா இருக்காது. ஊரு சிரிக்கும்" என்று சொல்லி டப்பாவைக் கொடுத்துவிட்டாள். "இன்னியோட நிறுத்திடு" என்றார் பாய். அம்மாவும் அன்றோடு நிறுத்திவிட்டாள்.

இதில் இரண்டு பேருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. எப்படி வரும்? நாட்டு மருந்துக் கடையில் எதையும் எப்படித் தொடங்குவது என்று சொல்வார்கள். காலையில், வெறும் வயிற்றில், தேனில், பாலில் என்று. எப்படி நிறுத்துவது என்று யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. கஷாயத்தை இன்றைக்கு விட்டால் இன்றைக்கே விட்டதுதான். போதாக்குறைக்கு ஹுசைன் பீயும் ஐந்தாம் நாள் மாத்திரையை நிறுத்தி, நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் அம்மாவுக்கு உடம்பெல்லாம் வலி. மூன்றாம் நாள் கூடையைத் தூக்கவில்லை. வெயில், பித்தம் என்றாள். நான்காம் நாள் வாந்தி. கஞ்சி வைத்துக் கொடுத்தேன், அதுவும் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் பல் துலக்கப் போனவள் குழாயடியிலேயே சுருண்டு விழுந்தாள். தொட்டால் சில்லென்று இருந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் அறிவுமதி, சின்ன வயசுப் பெண். பிரஷர் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். எழுபதுதான் இருந்தது. டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். எங்கம்மா மாத்திரையே தொடமாட்டாங்க."

"சுகர், பிரஷர், மூட்டுவலி, எதுக்குமே இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எதுக்குமே இல்ல."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? பொய் சொல்லவில்லை. சூரணம் என் மனசில் மருந்துக் கணக்கிலேயே இல்லை. சாம்பாரில் என்ன போட்டீர்கள் என்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அந்த வெள்ளை டப்பா ஞாபகம் வந்திருக்காது.

மதியத்துக்குள் இரண்டு பாட்டில் ஏறிவிட்டது. பிரஷர் ஏறவில்லை. அம்மா கூப்பிட்டால் கண்ணைத் திறப்பாள், உடனே மூடிக்கொள்வாள். விழுப்புரத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும், வழி தாங்குவார்களா என்றுதான் யோசிக்கிறேன் என்றாள் டாக்டர். அப்போதுதான் செய்தி கேட்டுப் பாய் வந்தார்.

"இன்னா ஆச்சு மணி?"

"தெரியல பாய். நாலு நாளா ஒடம்பு முடியல, நேத்துலேந்து வாந்தி. எழுந்திருக்கவே முடியல."

"எத்தன நாளுன்ன?"

"இன்னியோட நாலு."

பாய் விரலை மடித்து எண்ணினார். முகம் வெளுத்தது. திரும்பி விறுவிறுவென்று போய்விட்டார். பாரேன், கஷ்டம் என்றதும் ஓடுகிற ஆளை, என்று மனசுக்குள் திட்டினேன். பத்தே நிமிஷத்தில் அவருடைய டிவிஎஸ் வண்டி திரும்பி வந்தது. நேராக டாக்டரிடம் போனார். ஒரு கையில் வெள்ளை டப்பா, மற்றொரு கையில் காலி மாத்திரை அட்டை.

"டாக்டரம்மா, சுந்தராம்பா அக்கா இத எட்டு மாசமா சாப்டாங்க. இந்த மாத்திர எம் பொண்டாட்டியோடது. ரெண்டும் ஒரே கசப்பு. நாக்குல வெச்சிப் பாத்தேன். வேற சாட்சி எங்கிட்ட இல்ல."

இந்த ஆளுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று டாக்டர் விரட்டுவாள் என்று நினைத்தேன். அவள் விரட்டவில்லை. அட்டையின் பின்னால் இருந்த பெயரைப் படித்தாள். படித்துவிட்டு அம்மாவின் உருண்ட கன்னத்தைப் பார்த்தாள். புடவை முந்தானையை விலக்கிக் கையில் இருந்த கன்றிய தழும்புகளைப் பார்த்தாள்.

"எப்போ நிறுத்துனாங்க?"

"அஞ்சு நாளாச்சு" என்றார் பாய். பிறகு வார்டில் இருந்த அத்தனை பேரும் கேட்கும்படி, "நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார்.

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு ஓர் ஊசியின் பெயரைச் சொன்னாள். அது ஏறிய பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினாள். "ஸ்டீராய்டு கலந்திருக்கான்னு நினைக்கிறேன். ரத்தம் எடுத்திருக்கோம், ரிசல்ட் வந்தா உறுதியாத் தெரியும். நம்ம உடம்பு அந்தச் சத்தைத் தினம் தானாவே சுரக்கும். வெளியிலிருந்து மாசக்கணக்கா கெடச்சா, நமக்கு எதுக்குன்னு உடம்பு சுரக்கறதை நிறுத்திடும். திடீர்னு நீங்களும் நிறுத்திட்டீங்க. ரெண்டு பக்கமும் இல்லாம போச்சு. கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிருக்கணும்." பிறகு என்னைப் பார்த்து, "நான் ரெண்டு தடவை கேட்டேனே" என்றாள். கத்திச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள்.

என்மேல் வந்த ஆத்திரத்தை யார்மேல் கொட்டுவது? பாய் பக்கத்திலேயே நின்றார். வாழ்நாளில் அவரை நீங்க என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு, "இன்னா மனுசன்யா நீ! ஒன் நாக்குக்கு எங்கம்மாதான் கெடச்சாளா? தெரிஞ்சதும் எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா? அவளுக்கு எதுனா ஆச்சு, ஒன் கடைல ஒரு டப்பா இருக்காது பாத்துக்கோ" என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அம்மா சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதைக்கூட அவர் சொல்லவில்லை. சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

சாயங்காலம் பிரஷர் தொண்ணூற்றைத் தாண்டியது. அம்மா கண்ணைத் திறந்து, "பாத்திக்குத் தண்ணி வுட்டியாடி?" என்றாள். நான் அழுத அழுகையில் பக்கத்துப் படுக்கைக்காரி பயந்துவிட்டாள். அப்போது பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. திரும்பிப் பார்த்தால் பாய் இன்னும் அதே இடத்தில் நிற்கிறார். என் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிக் குடித்தார்.

ஆறு நாள் கழித்து அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரத்தப் பரிசோதனையில் டாக்டர் சொன்னதுதான் சரி என்று வந்தது. கையில் ஒரு மாத்திரை அட்டையும் ஒரு சீட்டும் கொடுத்தார்கள். மூன்று வாரம் முழுசு, பிறகு முக்கால், பிறகு பாதி, அதற்குப் பிறகு டாக்டர் பார்த்துச் சொல்வது என்று மாதக்கணக்கில் இறக்க வேண்டும். அந்த அட்டையில் இருந்தது ஹுசைன் பீயின் அட்டையில் இருந்த அதே பெயர். மாத்திரையை விடுவதற்கு அதே மாத்திரையைத்தான் விழுங்க வேண்டும் என்பது அம்மாவுக்குப் புரியவே இல்லை. "முன்ன மூலிகைன்னு துன்னேன், இப்ப மாத்திரன்னு துன்றேன், அவ்ளோதான வித்தியாசம்?" என்றாள். டாக்டர் விவரத்தை எழுதி வைத்துக்கொண்டு டப்பாவை மேலதிகாரிகளுக்கு அனுப்பினாள். அடுத்த அமாவாசைக்கு அந்த வேன் மேல்மலையனூர் மைதானத்தில் இல்லையாம். வேறு எங்கே நின்றதோ.

பெருநாளெல்லாம் முடிந்து, அளவு பாதிக்கு இறங்கியபோது முட்டிவலி திரும்பிவிட்டது. முன்னைவிட அதிகமாக. கூடை சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. அம்மா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கீரையை நான் காலையில் கட்டி என் கடை வாசலில் வைத்து விற்றேன். "சுந்தராம்பா எங்க?" என்று கேட்காதவர் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துப் பாய் வந்தார். எங்கே போனாலும் ஒரு பொட்டலம் கொண்டுபோகிற மனுஷன், அன்றைக்கு வெறும் கையோடு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சிடுக்கா. தெரிஞ்சிக்கணும்னு அலஞ்சேன். தெரிஞ்சதுக்கு அப்புறம் இன்னா செய்யணும்னு கேக்கல."

அம்மா கையை ஆட்டினாள். "அத வுடு. நீ வரலன்னா நான் இன்னேரம் மண்ணுக்குள்ள. ஒண்ணு கேக்குறேன், நெசத்த சொல்லு. தெரிஞ்சிருந்தா அத நான் துன்னுருக்க மாட்டேன்னு நெனக்கிறியா?"

பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"துன்னுருப்பேன் பாய். எட்டு மாசம். எட்டு மாசம் மனுசி மாதிரி நடந்தேன். அத எனக்கு அந்தத் திருட்டுப் பையன்தான் குடுத்தான், நீ குடுக்கல, ஆஸ்பத்திரில குடுக்கல." அழுதுவிட்டாள். அதற்கு முன்பு அம்மா அழுது நான் பார்த்தது நைனா போன அன்றைக்குத்தான். முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ஒங் கடைல நானூறு டப்பா இருக்குதே. என்ன அந்த மாதிரி நடக்க வெக்கிறது அதுல ஒண்ணாச்சும் இருக்குதா?"

அந்தக் கடையில் யாரும் எதைக் கேட்டாலும் பாய் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. அது இல்லாவிட்டால் இது, இது இல்லாவிட்டால் இன்னொன்று என்று எதையாவது நிறுத்துக் கொடுப்பார்.

"இல்லக்கா" என்றார். "அது மாதிரி எதுவும் எங்கிட்ட இல்ல. எஞ் சூரணம் ஒரு தெரு நடக்குறத ஒண்ணே கால் தெரு ஆக்கும். அவ்ளோதான்."

அம்மா அவரையே பார்த்தாள். ஒரு பொய் சொல்லித் தொலைந்தால் என்ன என்றுகூடத் தோன்றிவிட்டது.

"ஒண்ணே கால் தெருவா?" என்றாள் அம்மா.

"ஆமாக்கா."

"சரி. டாக்டரம்மாவாண்ட காட்டிட்டு எடுத்துக்கினு வா."

சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கினாள். கவிழ்ந்து கிடந்த கூடையை நிமிர்த்தி வைக்கச் சொன்னாள்.